நெஞ்சில் வைத்த சாமான்கள்

மார்பக அழகு ஆபரேஷன் என்றதும் யார் முகம் நினைவுக்கு வந்தாலும் வரலாம், மீசை வைத்த முகம் வராது. ஆனால் இந்தத் தொழிலின் முதல் போணி ஆண்பிள்ளைதான். ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வைத்தியம் பார்த்த ஏஜினா தீவுக்காரர் பவுலஸ் தன் மருத்துவ நூலில் விவரமாகவே எழுதிவைத்திருக்கிறார். சில ஆண்களுக்கு மார்பு பெண்களுக்குப் போலப் பருத்துவிடுகிறதாம். நாலு பேர் பார்த்தால் அவமானமாம். அடியில் பிறை வடிவத்தில் கீறி, கொழுப்பை எடுத்துவிட்டுத் தைத்துவிட வேண்டியதுதானாம். ரொம்பவும் தொங்கினால் ஒரு பிறைக்கு இரண்டு பிறை. மயக்க மருந்து வர இன்னும் ஆயிரத்து இருநூறு வருஷம் பாக்கி. அதுவரை பொறுக்க முடியாமல் கத்திக்கு மார்பைக் காட்டினார்கள் என்றால், அந்த ஊர்க் குளியல் கூடங்களில் கேலி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆண்களின் பிரச்சினை இப்படி எடுத்து, தைத்து, சுருக்கமாக முடிந்துபோனது. பெண்கள் விஷயத்துக்கு வந்தபோதுதான் டாக்டர்களுக்குக் கற்பனை ஊற்றெடுத்தது. எடுப்பது போதாது, எதையாவது உள்ளே வைத்தால் என்ன? கடந்த நூற்று முப்பது வருஷமாகக் கிடங்கில், அடுப்படியில், பட்டறையில், கைக்கு எட்டியதையெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டார்கள். வைத்த ஒவ்வொரு முறையும் இது பரம சாது என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தார்கள். முந்தின சத்தியத்தை அறுத்து வெளியே எடுக்கும் வேலை அடுத்த சத்தியக்காரருக்கு வருமானம் ஆனது.

நேர்மையாகத்தான் தொடங்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1890-களில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வின்சென்ட்ஸ் செர்னி என்ற பேராசிரியரிடம் ஒரு பாடகி வந்தார். நாற்பத்தொரு வயது. மார்பில் இருந்த கட்டியை எடுத்தாக வேண்டும். எடுத்தால் ஒரு பக்கம் பள்ளம். மேடையில் நிற்கிறவருக்கு அது பிழைப்பு விவகாரம். அவர் இடுப்புப் பக்கத்தில் கொழுப்புக் கட்டி ஒன்று வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. செர்னி அதைப் பெயர்த்து மார்பில் வைத்துத் தைத்தார். சொந்தச் சரக்கு என்பதால் உடம்பு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தேவையான அளவில், தேவையான இடத்துக்குப் பக்கத்தில் கொழுப்புக் கட்டியோடு எல்லாப் பெண்களும் பிறப்பதில்லையே. கடைச் சரக்குக்குப் போனார்கள்.

முதல் கடைச் சரக்கு மெழுகு. வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற டாக்டர், காசநோயால் விதைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு 1899-ல் அந்த இடத்தில் வாஸ்லைனை ஊசியால் ஏற்றினார். (இங்கேயும் முதல் போணி ஆண்தான்.) இளைஞன் திருப்தி. டாக்டர் பரம திருப்தி. உடனே பாரஃபின் மெழுகு ஐரோப்பா முழுக்கப் புறப்பட்டது. உருக்கு, ஊசியில் இழு, தோலுக்கடியில் ஏற்று, கெட்டியாவதற்குள் கையால் பிடித்து உருவம் கொடு. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். சப்பை மூக்கு, ஒட்டிய கன்னம், தட்டையான மார்பு, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி.

மெழுகுக்கு ஒரு குணம் உண்டு. வைத்த இடத்தில் இருக்காது. கிளாடிஸ் டீக்கன் என்று ஒரு பேரழகி. பாரிஸில் பிறந்த அமெரிக்கப் பெண். அந்த அழகுக்கு ஒரே குறை, நெற்றியிலிருந்து மூக்கு கிரேக்கச் சிலைக்குப் போல நேர்கோடாக இறங்கவில்லையாம். அப்படி ஒரு குறை இருப்பதாக அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வயதில் மூக்குத்தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு கொஞ்ச நாள் மூக்கில் குடியிருந்துவிட்டு மெல்ல மோவாய்ப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. இருந்தாலும் 1921-ல் மார்ல்பரோ டியூக் அவரை மணந்தார். பிளென்ஹெய்ம் அரண்மனை முகப்பின் விதானத்தில் அவருடைய நீலக் கண்களை 1928-ல் தீட்டச் செய்தார்கள், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். கண்கள் மட்டும்தான். மூக்கைத் தீட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மார்பில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அரண்மனை விதானமும் மிஞ்சவில்லை. மெழுகு முடிச்சு முடிச்சாகக் கல்லாகியது, புண்ணாகி ஒழுகியது, ரத்தக் குழாயில் புகுந்து நுரையீரலை அடைத்தது. பாரஃபினோமா என்று ஒரு புது வியாதிக்கே பெயர் வைக்க வேண்டியதாயிற்று. அப்படியும் ஆண்டுக்கணக்காக ஊசியைக் கீழே வைக்கவில்லை.

இந்த ஆண்பிள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு அம்மாள் தனியாகத் தெரிகிறார். பாரிஸ் டாக்டர் சூசான் நோயல். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். சொந்தக் குடியிருப்பிலேயே ஆபரேஷன் செய்தார். முகத்தை இழுத்துத் தைப்பது, சரிந்த மார்பைத் தூக்கித் தைப்பது, கனத்ததைக் குறைப்பது. எதையும் உள்ளே திணிப்பதைவிட இருப்பதைச் சீர் செய்வதில்தான் அவருக்குக் கவனம். 1926-ல் அழகு அறுவையின் சமூகப் பங்கு பற்றிப் புத்தகமே போட்டார். அவர் வாதம் எளிமையானது. முகத்தில் வயசு தெரிந்தால் கடைக்காரன் வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறான், அப்புறம் அவள் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அழகு சிகிச்சையைத் திட்டலாம் என்பது என் கட்சியும்.

நோயல் தைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் மற்ற ஆஸ்பத்திரிகளில் திணிப்பு நிற்கவில்லை. கண்ணாடி உருண்டை, ரப்பர், மாட்டுக் குருத்தெலும்பு என்று ஒரு பட்டியலை மருத்துவ வரலாற்று நூல்கள் கூசாமல் ஒப்பிக்கும். 1950-களில் ஐவலான் என்ற பஞ்சு வந்தது. இன்றைக்குக் காரைக் கழுவித் துடைக்க மஞ்சளாக ஒரு துணி விற்கிறார்களே, அதன் பங்காளி. பெவர்லி ஹில்ஸ் டாக்டர் பாங்மன் அதை மார்பு வடிவத்தில் வெட்டி வைத்தார். முதல் சில மாதம் பஞ்சு பஞ்சாகவே இருந்தது. பிறகு துளைகளுக்குள் சதை வளர்ந்து புகுந்து, பஞ்சு சுருங்கி இறுகி, கழற்ற முடியாத கட்டையாகிவிட்டது.

இப்போது சிலிகான் மேடை ஏறுகிறது. இதன் பூர்வீகம் மணல். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறக்கும் விமானங்களின் இக்னிஷனில் ஈரம் புகாமல் அடைக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. டவ் கெமிக்கலும் கார்னிங் கிளாஸும் 1943-ல் கூட்டுச் சேர்ந்து டவ் கார்னிங் என்று ஒரு கம்பெனி போட்டார்கள். சிலிகான் வெயிலில் இளகாது, குளிரில் உறையாது, யாரோடும் வம்புக்குப் போகாது. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் மனுஷன் சும்மா இருப்பானா?

போர் முடிந்த ஜப்பானில் அமெரிக்க முகாம்களை நம்பிப் பிழைத்த பெண்களுக்கு, சிப்பாய்களின் ரசனைக்கேற்ற அளவு தேவைப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மரைக் குளிர்விக்க வைத்திருந்த சிலிகான் எண்ணெய் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் காணாமல் போனதாக ஒரு கதை உண்டு. எண்ணெய் உடம்புக்குள் ஊர்ந்து போகாமல் இருக்க அதில் ஆலிவ் எண்ணெய் மாதிரி ஏதாவது கலந்தார்கள். ஏன் தெரியுமா? உள்ளே ரணமாகித் தழும்பு கட்டினால் சரக்கு நகராமல் நிற்கும். புண்ணை ஆணியாக அடித்த புத்திசாலித்தனம் இது.

ஊசி அங்கிருந்து அமெரிக்க நடன விடுதிகளுக்கு வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் பிராட்வேயும் கொலம்பஸ் அவென்யூவும் சேரும் முனையில் காண்டர் கிளப். 1964 ஜூனில் கரோல் டோடா என்ற பணிப்பெண் மேலாடை இல்லாத நீச்சலுடை ஒன்றில், கூரையிலிருந்து இறங்கி வரும் வெள்ளை பியானோவின் மேல் நின்று ஆடினார். அடுத்த மாதமே அதே ஊரில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு. நாட்டைக் காப்பாற்ற வந்த பிரதிநிதிகள் மாலை வேளைகளை எங்கே கழித்தார்கள் என்று கட்சி ஆவணங்களில் தேடும் உத்தேசம் எனக்கில்லை. டோடா நாற்பத்துநான்கு சிலிகான் ஊசி போட்டுக்கொண்டார். அளவு முப்பத்துநான்கிலிருந்து நாற்பத்துநான்குக்கு ஏறியது. கிளப் வாசலில் அவர் உருவத்தில் பெரிய விளக்குப் பலகை வைத்தார்கள். வைக்க வேண்டிய இரண்டு இடத்தில் சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிந்தது. அவரைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்ட மற்ற நடனக்காரிகளில் பலருக்கு மார்பு கல்லாகியது, அழுகியது, சிலருக்கு மார்பையே எடுக்க வேண்டி வந்தது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 1970-களில் சிலிகான் ஊசியைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. சூதாட்டத்துக்கும் விபசாரத்துக்கும் இடம் கொடுத்த மாநிலமே பயந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசியில் ஏற்றினால்தானே ஓடுகிறது, பையில் கட்டி வைத்தால்? இந்த ஞானம் பிறந்த இடம் டெக்சாஸின் ஹூஸ்டன். அதுவரை ரத்தம் கண்ணாடி பாட்டிலில்தான் வரும். அப்போதுதான் பிளாஸ்டிக் பை புதிதாக வந்திருந்தது. ஃபிராங்க் ஜெரோ என்ற இளம் டாக்டர் ஒருநாள் ரத்தப் பை ஒன்றைக் கையில் எடுத்தார். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இருந்தது. அமுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவையும் அமுக்கிப் பார்த்தார். மார்பகம் மாதிரியே இருக்கிறதே என்று மூளையில் மின்னல் வெட்டியது. அதே பையை நர்ஸுகள் காலையிலிருந்து ராத்திரிவரை தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களுக்கு அது ரத்தப் பையாகவே இருந்தது.

ஜெரோவும் அவருடைய பெரிய டாக்டர் தாமஸ் குரோனினும் டவ் கார்னிங்கைப் பிடித்தார்கள். சிலிகான் ரப்பர் பை, உள்ளே சிலிகான் கூழ். சோதனைக்கு ஆள் வேண்டும். முதல் பயனாளியின் பெயர் எஸ்மரால்டா. நாய். தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். எஸ்மரால்டாவுக்கு அந்த அலங்காரத்தில் இஷ்டமில்லை. தையலைக் கடிக்க ஆரம்பித்தாள். இரண்டொரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்த சாமான் சேதாரமில்லாமல் இருந்தது, நாயும் உயிரோடு இருந்தது. தண்ணீர் மாதிரி தீங்கற்றது என்று ஜெரோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிற்பாடு பல லட்சம் பெண்களின் உடம்புக்குள் போன ஒரு பொருளுக்குப் பூர்வாங்க ஆராய்ச்சி இவ்வளவுதான். அதில் எதிர்க்கருத்துத் தெரிவித்த ஒரே ஜீவன் எஸ்மரால்டா. பதிவு செய்யப்படவில்லை.

1962 வசந்தம். ஏழைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரி, பெயர் ஜெஃபர்சன் டேவிஸ். விவாகரத்தான ஒரு பெண் வந்தார். இருபத்தொன்பது வயது, ஆறு குழந்தைகள். அவர் பின்னாளில் பேட்டியெல்லாம் கொடுத்தவர்தான், இருந்தாலும் நாம் ஹூஸ்டன் அம்மாள் என்றே வைத்துக்கொள்வோம். பழைய காதலன் சொன்னானே என்று மார்பில் ரோஜாப்பூ பச்சை குத்திக்கொண்டிருந்தார். காதலன் போய்விட்டான், பூ போகவில்லை. அதை அழிக்கத்தான் வந்தார். டாக்டர்கள் பூவைப் பார்த்தார்கள், பூ இருந்த இடத்தையும் பார்த்தார்கள். புதுசாக ஒன்று வந்திருக்கிறது, வைத்துக்கொள்கிறாயா அம்மா என்று கேட்டார்கள். அம்மாளுக்கு மார்பைப் பற்றிக் கவலையே இல்லை, காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கிறதே என்றுதான் கவலை. பேரம் படிந்தது. மார்பில் இது வைக்க ஒப்புக்கொண்டால் காதையும் படிய வைத்துத் தைத்துவிடுகிறோம். அம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரி என்றார். இரண்டு மணி நேரத்தில் உலகத்தின் முதல் சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் வைத்தாகிவிட்டது, காதும் சரியாகிவிட்டது. தெருவில் ஆண்கள் விசிலடித்ததை ரசித்ததாக அவரே பின்னால் சொன்னார். ஐம்பது வருஷம் கழித்து, 2012-ல் பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனபோதும் அதே ஜோடியைத்தான் வைத்திருந்தார்.

அடுத்த வருஷம் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாட்டில் குரோனின் விஷயத்தை வெளியிட்டார். அரங்கத்தில் இருந்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

உடம்பு ஒரு பழமைவாதி. வெளியாள் வந்தால் சுற்றிலும் மதில் எழுப்பும். இம்ப்ளான்டைச் சுற்றியும் எழுப்பியது. சிலருக்கு அந்த மதில் சுருங்கி நெருக்க, மெத்தென்று இருக்க வேண்டியது கிரிக்கெட் பந்தாகிவிட்டது. 1970-களில் இதற்கு டாக்டர்கள் கண்ட வைத்தியம் அபாரமானது. இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் நசுக்குவது. டப்பென்று மதில் உடைந்தால் சிகிச்சை வெற்றி. மதிலோடு இம்ப்ளான்டும் உடைந்தது உண்டு, டாக்டரின் கட்டைவிரல் பிசகியதும் உண்டு. மருத்துவ சஞ்சிகையில் கட்டைவிரலுக்கும் ஒரு கட்டுரை கிடைத்தது.

இதே காலத்தில் டவ் கார்னிங் தன் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அனுப்பிய ஒரு சுற்றறிக்கை, பிற்காலத்து வழக்குகளில் வெளியே வந்தது. 1975-ம் வருஷத்துக் காகிதம். புது மாடலைக் கையில் வைத்து அமுக்கிக் காட்டினால் மறுநாள் மேலே எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கிறதாம். இது சரக்கின் குறையே அல்லவாம். டாக்டரிடம் மாதிரியை நீட்டுமுன் பக்கத்திலிருக்கும் கழிவறைக்குள் போய் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து எடுத்துப் போகவும் என்று வழிமுறை. உடம்புக்குள் வைத்த பிறகு எந்தக் கழிவறையில் கழுவுவது என்று சுற்றறிக்கையில் இல்லை.

கழுவிக் கொடுத்தாலும் சாமானுக்கு ஒரு வியாதி வேண்டுமே. வியாதி இல்லாவிட்டால் மருந்து எதற்கு என்று அரசாங்கம் கேட்கும். எஃப்.டி.ஏ. என்ற அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு கிடுக்கிப்பிடி போடப் பார்த்தபோது, 1982-ல் அந்நாட்டு பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் ஒரு மனு கொடுத்தது. சிறிய மார்பு என்பது வெறும் அளவு விவகாரமல்ல, அது ஒரு உருக்குறை, உண்மையில் நோயே என்று மருத்துவ உலகம் கருதுகிறது என்பது அதன் சாரம். இப்படி ஒரே கையெழுத்தில் கோடிக்கணக்கான ஆரோக்கியமான பெண்கள் நோயாளிகளானார்கள். தொற்று இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணாடி பார்த்தால் மட்டும் வரும் நோய்.

அப்புறம் நடந்தது வக்கீல்களின் பொற்காலம், வேகமாகத் தாண்டிவிடுவோம். 1992-ல் எஃப்.டி.ஏ. தலைவர் டேவிட் கெஸ்லர் அழகுக்காக சிலிகான் ஜெல் வைப்பதை நிறுத்தினார். புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்புக்கு மட்டும் கட்டுப்பாடுகளோடு அனுமதி. வழக்குகள் குவிந்து, 1995-ல் டவ் கார்னிங் திவால் மனு போட்டது. 1998-ல் 320 கோடி டாலருக்கு சமரசம். 1999-ல் நிபுணர் குழு, மூட்டுவாதம் போன்ற உடல் முழுக்கப் பரவும் நோய்கள் இதனால் வருவதற்கு ஆதாரமில்லை, ஆனால் உடைவதும் இறுகுவதும் மறுபடி கத்தி வைப்பதும் ஏராளம் என்று சொன்னது. 2006-ல் சிலிகான் திரும்ப வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் உப்புநீர் பை கொடிகட்டிப் பறந்தது. அதைக் காலியாகச் சுருட்டி உள்ளே அனுப்பி, பிறகு நிரப்பலாம். ஹூஸ்டன் டாக்டர் ஒருவர் 1990-களின் தொடக்கத்தில் அதைத் தொப்புள் வழியாகவே மார்புக்கு அனுப்பும் வித்தையைப் பிரபலமாக்கினார். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நம் ஊர் சினிமாவில் 'சின்ன கவுண்டர்' நாயகியின் தொப்புளில் பம்பரம் விட்டார். தொப்புள் ஆராய்ச்சியில் இரு தேசங்களும் ஒருசேர முன்னேறிய காலம் அது.

ஐரோப்பாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1995-ல் சோயா எண்ணெய் நிரப்பிய டிரைலூசன்ட் வந்தது. எண்ணெய் இயற்கையானது, கசிந்தாலும் உடம்பு செரித்துவிடும், மேமோகிராமில் நிழல் விழாது, எல்லாம் சரிதான். சமைக்கிற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உடம்புச் சூட்டில் எண்ணெயை மாசக்கணக்கில் வைத்தால் காறிப்போகும் என்று சொல்லியிருப்பார்கள். காறித்தான் போனது. பிரிட்டனில் 1999-ல் விற்பனையை நிறுத்தினார்கள். மறுவருஷம், வைத்துக்கொண்ட ஐயாயிரம் பேர்போல அத்தனை பேரும் எடுத்துவிடுங்கள், எடுக்கும்வரை கர்ப்பம் தரிக்காதீர்கள் என்று அரசு அறிவித்தது.

இதற்கெல்லாம் சிகரம் பிரான்ஸின் ஜான் குளோட் மாஸ். இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர், மது விற்றவர், இன்சூரன்ஸ் விற்றவர் என்று பத்திரிகைகள் அவர் பூர்வாசிரமத்தை விதவிதமாக எழுதின. 1991-ல் மத்தியதரைக் கடலோரம் லா செய்ன் சுர் மேரில் பி.ஐ.பி. என்ற இம்ப்ளான்ட் கம்பெனி தொடங்கினார். மருத்துவத் தரச் சிலிகான் விலை அதிகம். தொழிற்சாலைத் தரச் சிலிகான் விலை கொஞ்சம். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மாஸ் மலிவானதை நிரப்பினார். தரச் சான்று கொடுக்கும் ஜெர்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு மரியாதையாக வருவார்கள். வருகிற அன்றைக்கு மலிவுச் சரக்கு ஒளிந்துகொள்ளும், கம்ப்யூட்டர் கணக்கும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் இந்தப் பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. 2010 மார்ச்சில் பிரெஞ்சு அரசின் ஆய்வாளர்கள் வந்தபோது, சுவரோரம் வெளியே கிடந்த காலி டிரம்களைப் பார்த்துவிட்டார்கள். அத்தனை பெரிய மோசடியை நடத்தியவருக்குக் குப்பையை அப்புறப்படுத்தத் தோன்றவில்லை.

உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெண்களிடம் அந்தச் சரக்கு போயிருந்தது. பிரான்ஸில் மட்டும் முப்பதாயிரம் பேர். 2011 கடைசியில் இன்டர்போல் தளத்தில் மாஸின் படத்தைப் பார்த்தவர்கள், ஆஹா, நீதி விழித்துக்கொண்டது என்று நினைத்தார்கள். அந்த அறிவிப்பு, காஸ்டா ரிகாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸுக்கு. 2013-ல் மார்சேயில் வழக்கு நடந்தபோது புகார்தாரர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். கோர்ட்டில் இடம் போதாமல் மாநாட்டு அரங்கத்தில் விசாரித்தார்கள். நான்கு வருஷச் சிறை, எழுபத்தைந்தாயிரம் யூரோ அபராதம். தன் ஜெல்லில் கெடுதலே இல்லை என்று கடைசிவரை சாதித்தார் மனிதர். 2019-ல் காலமானார்.

இன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறது? முதலில் அளவு. இம்ப்ளான்டை சி.சி. கணக்கில் விற்கிறார்கள். முந்நூறு சி.சி., முந்நூற்றைம்பது சி.சி. என்று டாக்டர் சொல்லும்போது புல்லட் ஷோரூமில் உட்கார்ந்த உணர்வு வந்தால் அது உங்கள் தப்பல்ல. வீட்டிலேயே ஒத்திகை பார்க்கவும் வழி சொல்கிறார்கள். மெல்லிய காலுறைக்குள் அரிசியை அளந்து போட்டு முடிந்து, பிராவுக்குள் வைத்து ஒருநாள் நடமாட வேண்டும். ஒரு கப் அரிசி கிட்டத்தட்ட இருநூற்று நாற்பது சி.சி. பச்சரிசியா புழுங்கலரிசியா என்று குறிப்பில் இல்லை. ஆபரேஷனில் கை படாமல் ஜெல்லை உள்ளே அனுப்ப கெல்லர் ஃபன்னல் என்று ஒரு பை இருக்கிறது. ஜாங்கிரி பிழியும் துணியைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. சின்னக் கீறல் வழியே பெரிய ஜெல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.

சொரசொரப்பான மேல்தோல் இருந்தால் இடம் மாறாது, இறுகாது என்று ஒரு ரகத்தைக் கொண்டாடினார்கள். அந்தச் சொரசொரப்பைச் சுற்றி அபூர்வமாக ஒருவகை நிணநீர்ப் புற்று வருவது தெரிந்து, 2019-ல் அலர்கன் கம்பெனி அந்த ரகத்தை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இப்போது மறுபடி வழவழப்புக்கு மவுசு. அந்த வழவழப்பில் முன்னணியில் நிற்கும் மோட்டிவா எந்த ஊர்ச் சரக்கு என்கிறீர்கள்? மாஸ் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய அதே காஸ்டா ரிகா. 2024 செப்டம்பரில் அமெரிக்க அனுமதியும் வாங்கிவிட்டது. அதன் சில மாடல்களில் உள்ளே ஒரு சிப் உண்டு. வெளியிலிருந்து ரீடரைக் காட்டினால் வரிசை எண் சொல்லும். பி.ஐ.பி. கூத்துக்குப் பிறகு இது நியாயமான யோசனைதான். என்ன, பெட்டி அட்டை தொலைந்தாலும் சாமான் தன் பெயரைச் சொல்லும்.

செர்னியின் வழியும் திரும்பி வந்திருக்கிறது. தொடையிலோ வயிற்றிலோ கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து, மார்பில் துளித்துளியாக ஏற்றுகிறார்கள். 1987-ல் இது கூடவே கூடாது என்று சொன்ன அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் 2009-ல் கூடும் என்றது. ஏற்றியதில் ஒரு பங்கு கரைந்துபோகும், பெரிய மாற்றத்துக்கு இது தோதுப்படாது. ஒல்லியானவர்களுக்கு உறிஞ்சவே கொழுப்பு இருக்காது. இடம் உண்டாக்குவதற்காக மயாமி டாக்டர் ரோஜர் கூரி ஒரு வெற்றிட பிரா கண்டுபிடித்தார். தினம் பத்து மணி நேரம், வாரக்கணக்கில், இரண்டு பிளாஸ்டிக் கும்பாவை மார்பில் கவிழ்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. இதைவிட நம்பிக்கை தருவது முப்பரிமாண அச்சில் வார்த்த கரையும் கூடுகள். கூட்டை உள்ளே வைத்து சொந்தக் கொழுப்பை ஏற்றினால், சதை அதற்குள் வளர்ந்து நிறைய, கூடு சில வருஷத்தில் கரைந்துவிட வேண்டும் என்பது திட்டம். பெல்லாசெனோ என்ற ஜெர்மன் கம்பெனி ஆஸ்திரேலியாவில் மனிதர்களிடம் சோதனை நடத்தியிருக்கிறது. மனிதர்களிடம் என்பதைக் கவனிக்கவும். எஸ்மரால்டா காலத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அழகு சிகிச்சை இலவசம் என்று அறிவித்தார்கள். புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு முன்பே இலவசம்தான், இது அதையும் தாண்டியது. அரசின் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி பட்டியலில் இது எங்கே வரும் என்று ஊரெல்லாம் மீம்ஸ். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வாயைப் பிளந்தன. அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் அசரவில்லை. அழகு சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது, நாம் செய்யாவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழியிலோ போவார்கள் என்றார். சிரித்தவர்களில் எத்தனை பேர் சூசான் நோயல் பெயரைக் கேட்டிருப்பார்கள் தெரியாது, அமைச்சர் சொன்னது கிட்டத்தட்ட அந்த அம்மாள் கட்சி. கழுத்தும் தோளும் வலியில் இற்றுப்போக, பிரா பட்டை தோளில் வரி வரியாகப் பதிந்து, கனத்தைச் சுமந்துகொண்டு சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் குறைப்பு ஆபரேஷன் என்ன அர்த்தம் தரும் என்று மீம் போட்டவர்கள் யோசித்திருக்கலாம். ஹூஸ்டன் தர்ம ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்ணை வைத்துப் பழகிய வித்தை, அரை நூற்றாண்டு பணக்காரர்களிடம் சம்பாதித்துவிட்டு, ராயபுரம் பக்கம் வந்து தர்மக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

கூட்டிக்கொள்வதற்காக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் ஒரு சின்ன விஷயம். 2021-ல் எஃப்.டி.ஏ. ஒரு கட்டளை போட்டது. டாக்டர் ஒரு பட்டியலை நோயாளி கையில் கொடுத்து, வரிக்கு வரி கையெழுத்து வாங்கிய பிறகே இம்ப்ளான்ட் விற்கலாம். அதில் ஒரு வரி, இது ஆயுசு முழுக்க வரும் சாமான் அல்ல என்று சொல்கிறது. சிலிகான் வைத்தவர்கள் ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து உள்ளே உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. 2018-ல் வைத்துக்கொண்டவர்களுக்கு முதல் ஸ்கேன் தேதி ஏற்கெனவே வந்துபோய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வரிசை காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடும், சீக்கிரம் போய் டோக்கன் வாங்கிக்கொள்வது நல்லது.